எழுத்தாளரைப் பேச அழைக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள்; சிறுகதைகள் எழுதுகிறேன். கல்லூரித் தமிழ் மன்றங்கள், கிளை நூலக வாசகர் வட்டங்கள், தொழிற்சங்கங்கள், குடியிருப்போர் சங்கங்கள் என்று பல இடங்களிலிருந்தும் பேச அழைக்கிறார்கள். தொலைபேசியில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன். வேறு எந்த எழுத்தாளரை அழைக்கும்போதும் இவற்றில் பலவும் உதவும்.

உங்களை அழைக்க முதலில் என்ன செய்ய வேண்டும்?

என்னுடைய ஒரு கதையைப் படியுங்கள். முதல்வர் கையொப்பமிட்ட கடிதமும் அழைப்பிதழ் மாதிரியும் பிறகு வரட்டும். அழைப்பவர்களில் ஒருவராவது ஒரு கதையைப் படித்துவிட்டு, பிடித்ததா இல்லையா என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

எனக்கு வந்த அழைப்புகளிலேயே நான் பத்திரமாக வைத்திருப்பது வணிகவியல் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கோடுபோட்ட தாளில் எழுதிய கடிதம். ஒரு கதையின் மாமியாரை நான் கடைசியில் நல்லவளாக்கியது ஏன் என்று கேட்டிருந்தாள். தன் வீட்டில் அப்படி நடக்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் வந்த மறுநாளே தேதி கொடுத்துவிட்டேன். அவளுக்கு நேரில் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்?

வெளியூர் என்றால் இரண்டு மாதம். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. நெல்லை எக்ஸ்பிரஸில் வெள்ளி, ஞாயிறு இரவுகளுக்கான இடங்கள் முன்பதிவு தொடங்கியதுமே கரைந்துவிடுகின்றன. முழங்கால் வலி இருப்பதால் எனக்குக் கீழ்ப்படுக்கை வேண்டும். முகூர்த்த நாள்களும் பொங்கல், தீபாவளி வாரங்களும் வேண்டவே வேண்டாம். தூத்துக்குடி, நாகர்கோவில், தென்காசி, கோவில்பட்டி என்றால் பஸ்ஸிலேயே போய்விட்டு இரவுக்குள் திரும்பிவிடுவேன். அதற்கு மூன்று வாரம் போதும்.

எந்த மாதங்கள் ஏற்றவை?

கல்லூரிகளுக்கு ஜூலை பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை நல்லது; அடுத்து பிப்ரவரி. நவம்பரிலும் ஏப்ரலிலும் பருவத் தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளைக் கூட்டத்தில் உட்காரவைப்பது பாவம். சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நாள்களில் எழுத்தாளர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். சென்னைக் கல்லூரிகளுக்கு அது நல்ல வாய்ப்பு, எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இடைஞ்சல்.

எல்லோரும் ஒரே தேதியில் வந்து மோதுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பாரதி பிறந்த டிசம்பர் 11, உலகத் தாய்மொழி நாளான பிப்ரவரி 21, உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23, நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். இந்த நாள்களுக்கு ஒரே எழுத்தாளரிடம் நாலைந்து ஊர்க்காரர்கள் கேட்பார்கள். ஜூலை மாதத்துச் சாதாரணப் புதன்கிழமைக்கு ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்தப் புதன்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளிர் தினத்துக்கு வருவீர்களா?

மார்ச் 8க்கு இனி வருவதில்லை என்று முடிவுசெய்திருக்கிறேன். சில ஆண்டுகள் பொறுத்துப் பார்த்தபின் எடுத்த முடிவு இது. அந்த ஒரு நாளைக்கு எனக்குப் பத்து அழைப்பு வருகிறது. என்னோடு எழுதத் தொடங்கிய ஆண் எழுத்தாளர்களை ஆண்டு முழுவதும் சிறுகதை பற்றியும் மொழி பற்றியும் வட்டார வழக்கு பற்றியும் பேச அழைக்கிறார்கள். எங்களை ஒரு நாள், பெண்மையைப் பற்றிப் பேசுவதற்கு அழைக்கிறார்கள். எனக்கும் சிறுகதை பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆகஸ்டில் அழையுங்கள், மகிழ்ச்சியோடு வருகிறேன்.

தலைப்பை நாங்கள் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் சிறியதாக இருக்கட்டும். 'இலக்கியமும் வாழ்வும்', 'இன்றைய இளைஞர்களும் தமிழும்' போன்றவற்றில் கடலளவு இடம் இருக்கிறது, கால் ஊன்ற ஒரு கல் இல்லை. 'கதையில் வட்டார வழக்கை எவ்வளவு எழுதலாம்', 'முதல் வரியை எப்படித் தேர்ந்தெடுப்பது', 'பாட்டி சொன்ன கதையும் அச்சில் வந்த கதையும்' என்று கொடுங்கள். ஒரே ஒரு கதையை வைத்து ஒரு மணி நேரம் பேசுங்கள் என்று சொன்னால் அதைவிட மகிழ்ச்சி.

மாணவர்களை எப்படித் தயார்ப்படுத்துவது?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். ஆனால் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான்.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒரு சிறுகதையைத் தேர்ந்தெடுங்கள். ஆறேழு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நகலெடுத்துக் கொடுங்கள். என் கதைகளை வகுப்புக்காக நகலெடுக்க என்னிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை, இங்கேயே கொடுத்துவிட்டேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின் பொருட்டு நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. தில்லிப் பல்கலைக்கழக நகலகத்தின் மீது பதிப்பகங்கள் தொடர்ந்த வழக்கில் 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவுக்கு விரிவாகப் பொருள் சொன்னது. இருந்தாலும், பிற எழுத்தாளர்களின் கதை என்றால் அவரிடமோ பதிப்பகத்திடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் மரியாதை. நூலகத்துக்கு அந்தத் தொகுப்பில் இரண்டு பிரதிகள் வாங்கிவைப்பது அதைவிடப் பெரிய மரியாதை.

நகலைக் கொடுத்துவிட்டு 'படித்துவிட்டு வாருங்கள்' என்று சொன்னால் பத்தில் ஒருவர் படிப்பார். ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கி வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பத்தி ஒருவர், அடுத்த பத்தி அடுத்தவர். முப்பது ஆண்டு வகுப்பறை அனுபவத்தில் சொல்கிறேன்: கண்ணால் படித்துக் கடந்துபோன பிள்ளைகள்கூட, தன் குரலில் ஒரு வசனத்தைச் சொல்லும்போது அந்தப் பாத்திரத்தோடு சண்டைக்கோ சமாதானத்துக்கோ வந்துவிடுவார்கள். வட்டார வழக்குச் சொல் வந்தால் யாராவது ஒருவர் எங்கள் ஊரில் இதை வேறு மாதிரி சொல்வோம் என்பார். பேச்சு அங்கே தொடங்கிவிடும். நான் வந்து அதைத் தொடர்ந்தால் போதும்.

வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு சீட்டில் ஒரு கேள்வி எழுதி வாங்குங்கள். பெயர் வேண்டாம். அந்தச் சீட்டுகளை ஆசிரியர்கள் திருத்தாமல் அப்படியே என்னிடம் கொடுக்க வேண்டும். ஒரு கல்லூரியில் சீட்டுகளையெல்லாம் நல்ல கையெழுத்தில் படியெடுத்து, இலக்கணப் பிழை நீக்கித் தந்தார்கள். அக்கறையோடுதான் செய்தார்கள். ஆனால் எல்லாக் கேள்வியும் ஒரே ஆள் கேட்டதுபோல ஆகிவிட்டது.

எத்தனை பேரைத் திரட்ட வேண்டும்?

கதையைப் படித்தவர்கள் முப்பது பேர் போதும். எண்ணூறு பேர் அரங்கத்தை நிறைக்க வேண்டும் என்பதற்காக இயற்பியல் துறையையும் கணினித் துறையையும் வருகைப் பதிவேட்டோடு கொண்டுவந்து அமர்த்துவார்கள். அவர்கள் ஒரு தவறும் செய்யாதவர்கள். மதியச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போக, மேடையில் பேசும் முகமறியாத ஒருத்தியை அவர்கள் வெறுக்கத் தொடங்குவார்கள், கூடவே இலக்கியத்தையும். கூட்டம் பெரியதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த இழப்பு வேண்டாம். இயற்பியல் மாணவர்களில் விருப்பமுள்ள நான்கு பேர் தாமாக வந்தால் முதல் வரிசையில் இடம் கொடுங்கள்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவின் மதிப்பீட்டுக்காக வருகைப் பதிவும் இடக்குறியிட்ட புகைப்படமும் கருத்துப் படிவமும் கல்லூரிக்குத் தேவைப்படுகின்றன என்பது தெரியும். முப்பது பேரின் கையொப்பமும் அந்தக் கோப்பில் செல்லும். புகைப்படத்தைத் தொடக்கத்திலேயே எடுத்துமுடித்துவிட்டால், பேசும்போது குறுக்கே யாரும் நடக்க வேண்டியிருக்காது.

நிகழ்ச்சி நிரல் எப்படி இருக்க வேண்டும்?

தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. வரவேற்புரை ஐந்து நிமிடம். அறிமுகம் மூன்று நிமிடம். பிறகு நாற்பது நிமிடம் என் பேச்சு, நாற்பது நிமிடம் கேள்விகள், நன்றியுரை மூன்று நிமிடம். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை என்று ஆறு பேர் பேசி, பன்னிரண்டே முக்காலுக்குச் சிறப்புரைக்கு அழைத்துவிட்டு, ஒரு மணிக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும் என்று காதில் சொல்வார்கள். இது எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது. வாழ்த்துரை வழங்குபவர்கள் ஒருவரையும் விட முடியாது என்றால், என் பேச்சுக்குப் பிறகு அவர்களைப் பேசவையுங்கள். நான் உட்கார்ந்து கடைசிவரை கேட்பேன்.

அறிமுகம் செய்பவர் மாணவராக இருக்கட்டும். பட்டங்கள், விருதுகளின் பட்டியல் வேண்டாம். படித்த கதையைப் பற்றிச் சொல்லட்டும். இன்னாருடைய மனைவி, இத்தனை குழந்தைகளின் தாய் என்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மதிப்பூதியம் எவ்வளவு?

இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சொல்ல நானும் கூச்சப்படுவதில்லை. தனியார் கல்லூரிகளிடம் 5,000 ரூபாயும் பயணச் செலவும் கேட்கிறேன். அரசுக் கல்லூரி, அரசுப் பள்ளி என்றால் பயணச் செலவு மட்டும். கிளை நூலக வாசகர் வட்டம் என்றால் பஸ் டிக்கெட். அதுவும் முடியாது என்றால் சொல்லுங்கள், பேசி ஒரு வழி கண்டுபிடிக்கலாம். என்னைவிட அதிகம் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அது நியாயம்தான். எழுத்தை மட்டும் நம்பி வாழ்பவருக்கு ஒரு நாள் பயணம் என்பது ஒரு நாள் வேலை இழப்பு.

எவ்வளவு என்றாலும் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். 'ஏதோ எங்களால் முடிந்ததைச் செய்கிறோம்' என்பது பதில் ஆகாது. மேடை அமைப்பவர், ஒலிபெருக்கிக்காரர், பூக்கடைக்காரர் எல்லோரிடமும் தொகை பேசித்தானே முன்பணம் கொடுக்கிறோம்? பேச வருகிறவரிடம் மட்டும் அந்தப் பேச்சு ஏன் தயங்குகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் நிலைமை வேறு. யாரோ ஒரு நல்ல மனிதர் பல ஆண்டுகளுக்கு முன் தந்தை பெயரிலோ ஆசிரியர் பெயரிலோ வைத்த வைப்புத்தொகையின் வட்டிதான் அங்கே ஊதியம். அது இன்று சிறு தொகையாகத்தான் இருக்கும். அதைப் புரிந்துகொண்டுதான் வருவேன். அந்த நல்ல மனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், பேச்சில் அவரை நினைவுகூர விரும்புகிறேன்.

வங்கிக் கணக்கில்தான் செலுத்துவீர்கள் என்றால் பான் எண், கணக்கு விவரங்களை முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரிப் பிடித்தம் உண்டா என்பதைக் கணக்குப் பிரிவில் விசாரித்துச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்து மூன்று மாதம் கழித்துப் பணத்துக்காகப் பேராசிரியரை நான் அழைப்பதும், அவர் கணக்குப் பிரிவை அழைப்பதும் இருவருக்கும் வருத்தம்.

தங்குவதற்கும் பயணத்துக்கும் என்ன ஏற்பாடு வேண்டும்?

இரவு ரயிலில் வந்து இறங்கினால், குளித்து உடைமாற்றி இரண்டு மணி நேரம் படுக்க ஒரு சுத்தமான அறை. விடுதி விருந்தினர் அறையே போதும். கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெண் எழுத்தாளர் என்றால் நிலையத்துக்கு அழைக்க வருபவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. அரங்கத்துக்கு அருகே பூட்டாத கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை வந்தவுடன் காட்டிவிடுங்கள். இதைக் கேட்கத் தயங்கித் தண்ணீர் குடிக்காமலே பேசிய கூட்டங்கள் எனக்கு உண்டு.

திரும்பும் பயணத்தையும் மறக்காதீர்கள். வரும்போது கார் அனுப்புகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடுவார்கள்.

ஒலிபெருக்கி?

கையில் பிடிக்கும் ஒலிவாங்கி இரண்டு வேண்டும், ஒன்று எனக்கு, ஒன்று கேள்வி கேட்பவர்களுக்கு. இரண்டாவது இல்லாத அரங்கத்தில் கேள்வி கேட்பவர் முன்வரிசைக்கு நடந்து வர வேண்டும். கூச்சமுள்ள பிள்ளைக்கு அந்தப் பத்தடி போதும், கேள்வியை விழுங்கிவிட.

பொன்னாடை, நினைவுப் பரிசு?

வேண்டாம். என் வீட்டு அலமாரியில் பொன்னாடைகள் மடித்தபடியே பழுக்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு புத்தகம் வாங்கி, நன்றாகக் கேள்வி கேட்ட மாணவருக்கு என் கையால் கொடுக்கவையுங்கள். அரங்க வாசலில் உள்ளூர்ப் புத்தகக் கடைக்காரருக்கு ஒரு மேசை போட இடம் கொடுங்கள். கல்லூரிக்குள் விற்பனை கூடாது என்று சில இடங்களில் விதி இருக்கிறது. முதல்வரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

பேச்சைப் பதிவுசெய்து யூடியூபில் போடலாமா?

கேட்டுவிட்டுப் போடுங்கள். பலருக்குத் தெரியாத செய்தி: பதிப்புரிமைச் சட்டத்தில் சொற்பொழிவாற்றுபவரும் பாடகர், நடிகரைப் போலவே நிகழ்த்துநர்தான், பொது இடத்தில் ஆற்றிய உரையின் உரிமையும் முதலில் அவருடையதே. என் உரையைப் போட எனக்குத் தடையில்லை. கேள்வி நேரத்தை மட்டும் பதிவுசெய்யாதீர்கள். தன் வீட்டுக் கதையைச் சொல்லிக் கேள்வி கேட்ட பெண், மறுநாள் உறவினர் கைபேசியில் தன் முகத்தைப் பார்க்கும் நிலை வரக் கூடாது.

மாணவர்கள் கேள்வியே கேட்கவில்லை என்றால்?

அந்த மௌனத்தைக் கண்டு பயப்படாதீர்கள், உடனே நன்றியுரைக்குத் தாவாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். சீட்டுகள் கையில் இருந்தால் அவற்றிலிருந்து தொடங்குவேன், மூன்றாவது பதிலுக்குள் ஒரு கை உயரும். பேராசிரியர்கள் முதலில் கேட்க வேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். அவர்கள் கேள்வி ஆழமாக இருக்கும், அதனாலேயே மாணவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

அரசியல், சாதி பற்றிப் பேசாமல் இருப்பீர்களா?

என் கதைகளில் சாதி இருக்கிறது, ஏனென்றால் என் தெருவில் இருக்கிறது. கதையைப் பற்றிப் பேசும்போது அதை மட்டும் ஒதுக்கிவைத்துப் பேச எனக்குத் தெரியாது. கட்சிக்கு வாக்குக் கேட்க மாட்டேன், யாரையும் பெயர்சொல்லி இழிவுபடுத்த மாட்டேன். அந்த உறுதியை எழுத்தில்கூடத் தருகிறேன். ஆனால் பேச்சின் எழுத்துப்படியை முன்கூட்டியே அனுப்பச் சொன்னால் வர மாட்டேன்.

அழைக்கும் பேராசிரியருக்கு நிர்வாகத்திலிருந்து நெருக்கடி வரலாம் என்பதை உணர்ந்திருக்கிறேன். அப்படி ஒரு தயக்கம் இருந்தால் என்னிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எந்தக் கதையை எடுத்துக்கொள்ளலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம். நாற்காலி போட்ட பிறகு ரத்துசெய்வதைவிட அது எல்லோருக்கும் கௌரவம்.

நாங்கள் கல்லூரி இல்லை, பன்னிரண்டு பேர் உள்ள சிறு குழு. வருவீர்களா?

உங்களிடம்தான் முதலில் வருவேன். ஊர்ப்புற நூலகத்தின் வாசிப்பு மேசையைச் சுற்றி, பீடித் தொழிலாளர்கள், ஓய்வுபெற்ற நடத்துநர், தையற்கடைப் பெண், பத்தாம் வகுப்புப் பையன் என்று பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசிய மாலைகள்தான் எனக்கு அடுத்த கதையை எழுதும் தெம்பைத் தந்திருக்கின்றன. ஒருவரையும் யாரும் கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருக்க மாட்டார்கள்.

இடம் தேடி அலைய வேண்டாம். நூலகரிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1948 முதலே பொது நூலகச் சட்டம் இருக்கிறது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்தே கட்டுகிறோம். அந்தக் கட்டடம் நம்முடையது. நூலகமே இல்லாத ஊரா? 1931இல் மன்னார்குடிப் பகுதியில் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள், அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக மேதை அரங்கநாதன். பள்ளி வகுப்பறை, கோயில் மண்டபம், ஆலமரத்தடி எதுவானாலும் சரி. வெளிச்சமும் குடிநீரும் இருந்தால் வந்துவிடுவேன்.

படிக்கத் தெரியாதவர்கள் இருந்தாலும் தயங்க வேண்டாம். நானே கதையை வாசித்துக் காட்டுவேன். பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களின் தமிழ்ச் சங்கங்களிலும் இதே முறைதான் உதவுகிறது. அங்கே வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. கதையைக் காதால் கேட்டுவிட்டுத் தங்கள் தமிழில் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு தனி அழகு உண்டு.

இணையவழியில் பேசுவீர்களா?

மழை வெள்ளம், உடல்நலக் குறைவு போன்ற காரணங்களால் பயணம் முடியாதபோது மட்டும்.

கூட்டத்தை ரத்துசெய்ய நேர்ந்தால்?

தெரிந்த உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். மன்னிப்புக் கடிதம் வேண்டாம், அடுத்த தேதியைச் சொல்லுங்கள். டிக்கெட் ரத்துக் கட்டணத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். நான் வர முடியாமல் போனால், அந்தக் கதையை நன்றாகப் பேசக்கூடிய இன்னொருவரை அனுப்ப முயல்வேன்.

கூட்டம் முடிந்த பிறகு நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?

நேரமில்லாமல் மிஞ்சிப்போன கேள்விச் சீட்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஓர் உறையில் இட்டு, போகும்போது என் பையில் வைத்துவிடுங்கள். ரயிலில் படிப்பேன். ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றுக்கும் பதில் எழுதி அனுப்புவேன், தமிழ்த் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவையுங்கள்.